கஜபதி கையெழுத்திட்ட மூன்று கடிதங்கள்

தலைமை ஏற்றிருக்கும் மன்றச் செயலாளர் திரு. ராஜசேகரன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேனேஜரின் துணைவியார் தாட்சாயிணி அம்மையாரே, ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் சண்முகசுந்தரம். தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. பருத்திப்பட்டு ஐக்கிய கால்பந்து மன்றத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பொருளாளர். உருக்கமாகப் பேச எனக்கு வராது. எனக்கு முன் பேசியவர்கள் நம் அணியின் மேனேஜர் கஜபதியை ஏரிக்கரைச் சிங்கம் என்றார்கள். கேட்டிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னர் வேலை பார்த்த மனிதர் அவர். ஐம்பத்து நான்கு வயது. போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று சனிக்கிழமை. லீக் அலுவலகத்தில் ஆட்டக்காரர்களின் மாற்றல் கடிதங்களைக் கொடுக்க மாலை ஐந்து மணிதான் கடைசி. நம் முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூன்று பேருக்குப் பட்டணத்து அலுவலக அணி ஒன்று வேலையோடு இடம் தர முன்வந்திருக்கிறது. மன்றம் விடுவித்தால்தான் அவர்கள் போக முடியும். விடுவிக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று மேனேஜருடையது, இன்னொன்று என்னுடையது. இறப்பதற்கு முந்தின நாள் மேனேஜர் மூன்றிலும் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். மூன்றும் இப்போது என் சட்டைப் பையில் இருக்கின்றன.

செயற்குழு நண்பர்கள் நேற்று என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். சும்மா விடக் கூடாது, அந்த அணியிடம் தலைக்குப் பத்தாயிரம் கேட்போம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்களா? இல்லை. மன்றத்தின் வங்கிக் கணக்கில் இருப்பது நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். பூந்தமல்லி விளையாட்டுச் சாமான் கடைக்கு ஆறாயிரம், வேன்காரருக்கு ஐயாயிரத்து இருநூறு, போன ஆண்டு லீக் கட்டணத்துக்காக வாங்கிய கைமாற்று மூவாயிரத்து நானூறு. ஆக, கடன் பதினாலாயிரத்து அறுநூறு. முப்பதாயிரம் கைக்கு வந்தால் கடனையும் அடைக்கலாம், நல்ல ஆட்டக்காரர்களையும் பிடிக்கலாம். கணக்குத் தெரிந்த எவனும் அப்படித்தான் யோசிப்பான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் யோசித்தேன்.

கஜபதியின் திட்டம் என்ன? பலருக்கு அது புரிந்ததே இல்லை. எனக்கும் வெகுநாள் புரியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நல்ல ஆட்டக்காரனைத் தயார் செய்வார். அவன் கோல் அடிக்க ஆரம்பித்ததும் அலுவலக அணிகளின் வாசலில் போய் நிற்பார், இவனைக் கொஞ்சம் பாருங்கள் என்று. எந்த மேனேஜராவது தன் அணியைத் தானே கலைப்பாரா? இவர் கலைத்தார். பதினோரு ஆண்டுகளில் பத்தொன்பது பேர் போனார்கள். நாம் வாங்கிய கோப்பை ஒன்று. அதுவும் இரண்டாம் பரிசு. போகிறவனிடம் அவர் கேட்டதெல்லாம் பூட்ஸைத்தான். எண்ணெய் தடவித் துடைத்து, புது நாடா கோத்து, அடுத்து வருகிறவனுக்காக வைத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் மன்றத்தின் வழக்கம்.

ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "நம்ம டீமு கப்பு வாங்கறதுக்கு இல்ல சார். வந்தவனுக்கு ஒரு வேல வாங்கிக் குடுக்கறதுக்கு," என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எதற்குக் கோல் கம்பம் என்று கேட்டேன். "அங்க பேரு பதிஞ்சவன் எட்டு வருசமா குந்திக்கினு கீறான், சார். நம்மகிட்ட மூணு வருசத்துல முடிஞ்சுடுது," என்றார்.

இனி சொல்லப்போவது இங்கே இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். 1987இல் நம் இடது விங்கில் வரதன் ஆடினார். பழையவர்களுக்கு அந்த ஓட்டம் நினைவிருக்கும். பட்டணத்து அலுவலகம் ஒன்று அவரைக் கேட்டது. நிரந்தர வேலை. மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை என்னிடம் தந்தார். நான் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் சொல்லாமல் அந்த அலுவலகத்துக்குப் போய், மன்றத்துக்கு ஐயாயிரம் நன்கொடை தந்தால் கடிதம் கிடைக்கும் என்றேன். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மூன்று நாள் காத்திருந்தேன். கடைசித் தேதி போயிற்று. அவர்கள் வேறு மன்றத்திலிருந்து வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வரதனின் முழங்கால் போயிற்று. அதன் பிறகு அவரை யாரும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் மேனேஜர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். "அந்த அஞ்சாயிரம் வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார். நான் பட்டியலே வைத்திருந்தேன். பந்து நான்கு, வலை இரண்டு, ஜெர்சி பதினாறு, வேன் பாக்கி. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் தேவைதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார், "இத அப்டியே எத்துக்கினு வரதன் ஊட்டுக்குப் போயி, அவங்க அம்மாவாண்ட படிச்சுட்டு வாங்க சார்."

போனேன். வரதனின் தாயார் அங்கம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பட்டியலைப் படித்தேன். பந்து நான்கு. வலை இரண்டு. ஜெர்சி பதினாறு. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "பந்து வாங்கிட்டீங்களா நைனா?"

இல்லை என்றேன். அவர் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பொருளாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். "உட்டா யாரு கணக்கு எழுதறது? எனக்குக் கூட்டலே வராது," என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை அவர் எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை. அவரைச் சிங்கம் என்பதைவிட இது பெரிது என்று நான் நினைக்கிறேன்.

அவர் திங்கட்கிழமை அந்த மூன்று கடிதங்களையும் என்னிடம் தந்தபோது, சீக்கிரம் என்றுகூடச் சொல்லவில்லை. கூடவே வருகிற பருவத்துக்கான அணிப் பட்டியலையும் தந்தார். அதில் அந்த மூன்று பேரின் பெயர்கள் இல்லை. முதல் ஐந்து ஆட்டங்கள் தோற்போம், ஆறாவதிலிருந்து பார்க்கலாம் என்று அடியில் எழுதியிருக்கிறார். நாம் தோற்போமா? தோற்போம். டிவிஷனிலிருந்து இறங்குவோமா? இறங்கினாலும் இறங்கலாம். கடனை எப்படி அடைப்பது? எனக்குத் தெரியாது. சம்பள நாளன்று தொழிற்சாலை வாசலில் சந்தா டப்பாவோடு நிற்பேன். தோழர்கள் நின்று போட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர் அவர்களுக்கு என்மேல் வருத்தம் இருக்கும். கூட்டம் முடிந்து செயற்குழு கூடி முடிவெடுக்கலாம் என்றுதான் நேற்றுப் பேசினோம். ஆனால் மேனேஜர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் ஆறு பேர் உறுதி சொல்லிவிட்டார்கள். ஏழாவதாக நானும் வாயால் சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஆகவே உங்கள் அனைவர் முன்னிலையிலும் கையெழுத்துப் போடுகிறேன். இது கோவிந்தராஜுடையது. இது உத்தமனுடையது. இது வீராசாமியுடையது. மன்றத்துக்கு இவர்கள் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

ஆவடியிலிருந்து லீக் அலுவலகத்துக்கு ஆட்டோவில் ஒன்றரை மணி நேரம் ஆகும். இப்போது மணி இரண்டேமுக்கால். அமைதி அஞ்சலிக்கு நான் இருக்க முடியாமல் போவதற்குத் தாட்சாயிணி அம்மையார் மன்னிக்க வேண்டும். வெளியே வரதன் தன் ஆட்டோவைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார்.