எஞ்சினுக்குக் காட்டிய சூடம்

பழைய படகு வாங்கப் போகிறவன் கண்ணைவிட மூக்கைத்தான் நம்ப வேண்டும், சார். பெயின்ட் அடித்து எதையும் மறைத்துவிடலாம், வாடையை மறைக்க முடியாது. ராணுவத்தில் பத்தொன்பது வருஷம் படகு எஞ்சினோடு கிடந்தவன் சொல்கிறேன். இப்போது தென்காசியில் பம்புசெட் பழுது பார்க்கிறேன், அவ்வளவுதான். கடையில் இருந்தால் வீட்டுக்குப் போகத் தோன்றும், வீட்டுக்குப் போனால் செங்கோட்டைக்குப் போய் ரயில் ஏறத் தோன்றும். "ஒங்களுக்குக் கால்ல சக்கரம்லா கெட்டியிருக்கு" என்பாள் என் வீட்டுக்காரி முத்துலட்சுமி. தண்ணீரில் ஏறினால் மட்டும்தான் எனக்கு மனசு அடங்கும்.

அந்தப் படகின் விளம்பரத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் செல்போனில் பார்த்தேன். கொல்லத்தில் கிடந்தது. உள்ளே ரெண்டு பேர் படுக்கலாம், சின்னதாக ஓர் அடுப்பு, பின்பக்கம் மூடிக்கு அடியில் பெட்ரோல் எஞ்சின். ஆற்றிலும் கழிமுகத்திலும் ஓட்டுவதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். மாதம் ஒரு தடவை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வாங்க வசதி கிடையாது, சும்மா பார்க்கத்தான். விற்கிறவர் முகம் சுளிக்காமல் சாயா வாங்கிக் கொடுப்பார்.

வசதி சிவசைலத்துக்கு இருந்தது. ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் வைத்திருந்தான், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். "நீங்க பாத்து நல்லாருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி, நான் வாங்குதேன். ஓட்டுறது நீங்கதான். புன்னைக்காயல்ல எறக்கிருவோம்" என்றான். தாமிரபரணி கடலில் சேருகிற இடம் அது. சந்தோஷத்தில் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுக்காக அந்தப் படகை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் பிடியால் அடிப்பக்கம் பூராவும் தட்டினேன். ஊறிப்போயிருந்தால் சத்தம் மொத்தையாக வரும், அப்படி எங்கேயும் இல்லை. குறை ரெண்டுதான். பெட்ரோல் ஹோஸ் வெடித்திருந்தது, எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளுகிற விசிறி ஓடவில்லை. லாரியில் கசிந்தால் ரோட்டில் சொட்டிப் போய்விடும். படகுக்கு அடியில் ஓட்டை கிடையாதே, ஆவி உள்ளேயே தங்கும். அதனால்தான் மூடியைத் திறந்ததும் மோந்து பார்க்க வேண்டும். முதல் தடவை வாங்குகிறவனுக்கு இது தெரியாது. மாற்றிவிடலாம் என்று புது ஹோஸும் விசிறியும் வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

படகை டிரெய்லரில் ஏற்றி, ஆரியங்காவு வழியாகக் கொண்டுவந்து லாட்ஜ் வாசலில் நிறுத்தினோம். பூஜை போட்டுவிட்டுப் புன்னைக்காயலுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. நல்ல சீசன் நேரம், குளிக்க வந்தவர்கள் எல்லாம் ஈரத்துண்டோடு நின்று படம் எடுத்தார்கள். "என்ன இசக்கிமணி அண்ணாச்சி, அருவியில எதுத்து ஏத்தப் போறீயளா?" என்று பஜ்ஜிக்கடை யாக்கூப் கேலி பண்ணினார். நானும்தான் சிரித்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் சிவசைலம் சாதாரணமாகச் சொன்னான். "கொல்லத்துல இருந்து லைசென்ஸ் உள்ள ஸ்ராங்கு, போட்டு ஓட்டுறவன் ஒருத்தன் வாரான் அண்ணாச்சி. இனி அவன் ஓட்டட்டும். ஒங்களுக்கும் வயசாகுதுல்லா? நேரம் கெடைக்கும்போது வந்து ஒரு ரவுண்டு போயிக்கிடுங்க."

ஒரு ரவுண்டு. வந்துபோகிற விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி. வயிறு எரிந்தது சார், அதை மறைக்கவில்லை. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "சரிப்பா" என்றேன். பக்கத்தில் அவன் மனைவி வேல்விழி இருந்தாள், கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தட்டோடு ரெண்டு பேரும் ஏணியில் ஏறினார்கள். வேல்விழிக்கு நல்ல மூக்கு. "பெட்ரோல் வாடை குப்புனு அடிக்கே அண்ணாச்சி?" என்றாள். "பழைய போட்டுன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். சிவசைலம் படகின் முன்பக்கம் சூடம் காட்டப் போனான்.

"ஏலே, அங்கன காட்டி என்னத்துக்கு? எஞ்சின்தாம்லே சாமி. மூடியத் தொறந்து அதுக்குக் காட்டு."

"அதுவுஞ் சரிதான்" என்று சிரித்துக்கொண்டு பின்பக்கம் வந்தான். நம் ஊரில் பஸ்ஸானாலும் பம்புசெட்டானாலும் அப்படித்தானே செய்கிறோம், நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. வேல்விழியை மட்டும் கீழே கூப்பிட்டேன். டிரெய்லர் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், அதைப் பொம்பளை வைத்தால் விசேஷம் என்றேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பழத்தை லாட்ஜ் கேட் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். தேங்காயை ஓங்கி உடைத்தேன். நல்ல காய், சரிபாதியாக விழுந்தது. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் படகில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் உயிரோடு இருப்பது என்னால்தான். அதை உங்கள் ஆட்கள் யாரும் எழுதிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்குக் காலையில் ஏழு மணிக்கே படகைத் துடைக்கிறேன் என்று நான் வந்தேன். ஹோஸில் இருந்த வெடிப்பு லேசானதுதான், அதை மட்டும் நம்ப முடியாது. ஹோஸைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றிவிட்டு மூடியைச் சாத்தினேன். துணியால் கையைத் துடைத்தேன். புது ஹோஸ் அப்போதும் என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது. ரெண்டு மணி நேரம் இருந்தது, மாற்றியிருக்கலாம். நான் போய் யாக்கூப் கடையில் டீ குடித்தேன்.

சிவசைலம் மேல் எனக்கு விரோதம் கிடையாது. தம்பி மாதிரி வைத்திருந்தேன். அந்தப் படகை வேறொருத்தன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் கரையில் நிற்க முடியாது, அவ்வளவுதான். பின்பாதிதான் எரிந்திருக்கிறதாம், முன்பாதிக்கு ஒன்றும் இல்லையாம். ரெண்டு மாசம் கொடுத்தால் நானே கட்டிவிடுவேன். வெளியே சாரல் அடிக்கிறது சார், திறந்து கிடந்தால் ஊறிப்போகும். தார்ப்பாய் லாட்ஜில் இருக்கிறது. வேல்விழியிடம் இசக்கிமணி அண்ணாச்சி கேட்டார் என்று சொல்லுங்கள், எடுத்துத் தருவாள்.