நாலு சக்கரத்துக்கு அஞ்சு பழம்

வண்டிக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் பெரிதாக, தோல் மெல்லியதாகப் பார்த்து வாங்க வேண்டும் சார். சின்னப் பழமாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் நிற்காது, நசுங்காமல் உருண்டு ஓடிவிடும். அன்றைக்கு நான் பொறுக்கித்தான் வாங்கினேன். கடைக்கார அம்மா கொசுறாக ஒன்று போட்டுக் கொடுத்தார். நாலு சக்கரத்துக்கு அஞ்சு பழம். அந்த அஞ்சாவது பழம் இல்லையென்றால் நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகக் கேட்கிறீர்கள். நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முத்துக்குமரனும் நானும் வன்னியம்பட்டிக்காரர்கள். ஒரே பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படிக்கப் போனவர்கள். அவன் இன்ஜினியராகி ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சேர்ந்தான். நானும் அங்கேயே பெயிண்ட் கடை போட்டேன். அவன் கார் வாங்கியபோது அவனுக்கு ஓட்டத் தெரியாது. ஷோரூமிலிருந்து எடுத்து வந்தவன் நான், முதல் பூஜைக்குப் பழம் வைத்தவன் நான், செண்பகத்தோப்பு ரோட்டில் அவனை உட்கார வைத்து ஓட்டப் பழக்கியவனும் நான்தான். பழகிய பிறகும் அவனுக்கு ஓட்டுவதில் பெரிய ஆசை இல்லை. நான் ஓட்டுவேன், அவன் பக்கத்தில் இடது சீட்டில் சாய்ந்துகொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவான். அவனுக்குக் கால் நீளம். அந்தச் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி வைத்திருப்பேன். சனிக்கிழமை ஆனால் அவன் வீட்டுக்குப் போய் வண்டியைக் கழுவித் துடைப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை இருந்ததால் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

அப்புறம் ஜெபின் வந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், அதே மில்லில் வேலை. நல்ல பையன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். முத்துவின் மனைவி யுவராணிக்குக் காய்ச்சல் வந்தபோது அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். எனக்கு யாரும் போன் பண்ணவில்லை. நான் எத்தனையோ தடவை சொன்ன ஒரு கதையை ஜெபின் ஒருநாள் சொன்னான், முத்து புரையேறச் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? ஒரு சனிக்கிழமை நான் போனபோது இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏறிப் பார்த்தேன். டிரைவர் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருந்தது, கண்ணாடி திரும்பியிருந்தது. ஜெபின் என்னைவிடக் குள்ளம்.

கனடாவில் வேலை கிடைத்ததையும் முத்து முதலில் அவனிடம்தான் சொன்னான். வண்டியை ஜெபின் பெயருக்கு மாற்ற இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்வந்த சேதியே டீக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே போய்க் கேட்டேன்.

"ஏலே, வண்டிய ஜெபினுக்கா குடுத்துட்ட?"

"ஆமாலே. ரெண்டு பச்சப் பிள்ளைகள வச்சிக்கிட்டு பைக்குல அலையுதான், பாவம். உனக்கு எதுக்குலே காரு? நீ எங்க போகப் போற?"

தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மனசில் ஒன்றும் இல்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னோடு வீட்டுக்கு வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் பக்கத்தில் உட்கார்ந்தது.

ஏற்பாடு இப்படி. கிளம்புவதற்கு முந்தின நாள் முத்துவும் யுவராணியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அப்பா வீட்டில் தங்குவது. மறுநாள் காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் பூஜை போட்டுச் சாவியை ஜெபின் கையில் கொடுப்பது. அவனே ஓட்டிப் போய் மதுரை ஏர்போர்ட்டில் இவர்களை இறக்கிவிட்டு, வண்டியோடு திரும்புவது. ஜெபின் சர்ச்சுக்குப் போகிறவன், பழம் வைக்கிற பழக்கமெல்லாம் அவனுக்கு இல்லை. "அண்ணன் ஆசப்பட்டா வச்சிருங்க" என்றான். முத்து என்னைப் பார்த்து, "கை மாறுற வண்டிலே. மொதல்ல வச்ச கைதான் இப்பவும் வைக்கணும்" என்றான்.

முந்தின நாள் சாயங்காலம் வண்டியைக் கடைசியாக ஒரு தடவை கழுவித் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். கண்ணாடி, சீட்டு, மேட் எல்லாம் துடைத்தேன். இடது முன் சக்கரத்தில் நட்டுகளை மூடியிருக்கிற கப்பைக் கழற்றினேன். ஸ்பேனரை வைத்து நட்டுகளைத் தளர்த்தி, விரலால் திருகி நிறுத்தினேன். மறுபடியும் கப்பை மாட்டித் துடைத்தேன். யுவராணியின் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். "பெத்த பிள்ள மாதிரில்லா வண்டியப் பாக்கிய" என்றார். நல்ல காபி.

காலையில் சூடம் கொளுத்தினோம். ஜெபின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான், முத்து தன் சீட்டில். யுவராணி பின்னால் பெட்டிகளோடு. நான் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தேன். ஜெபின் மெதுவாக நகர்த்தினான். மூன்று பழம் நசுங்கியது. இடது முன் சக்கரத்துப் பழம் மட்டும் வழுக்கி, உருண்டு, சாக்கடை ஓரத்தில் போய் முழுசாக நின்றது.

யுவராணி பார்த்துவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"அண்ணே, அந்தப் பழம் நசுங்கலியே. மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு. இந்த வண்டி வேண்டாம், டாக்சி சொல்லிருவமா?"

முத்து ஜெபினைப் பார்க்கவில்லை சார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தான். "சங்கரலிங்கம், என்னலே செய்ய? நீ சொல்லு" என்றான். எத்தனை மாதம் கழித்து அவன் என்னிடம் ஒரு யோசனை கேட்கிறான். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. டாக்சி சொல்லு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் அவன் கனடாவுக்குப் போய்விடுவான்.

"பழம் சின்னதும்மா, அதான் ஓடிட்டு. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு, செத்த நேரம் பொறு" என்றேன்.

அஞ்சாவது பழத்தை வைத்தேன். எழுந்திருக்கும்போது கப்பை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன், சரியாக மாட்டியிருக்கிறதா என்று. பழம் சாறு தெறிக்க நசுங்கியது. யுவராணி கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். "அண்ணன் இருந்தா ஒரு கவலையும் இல்ல" என்று ஜெபின் சொன்னான். அவர்கள் போனதும் நசுங்கின பழங்களை எல்லாம் பொறுக்கி ஓரத்தில் போட்டேன். ஆள் நடக்கிற இடம், யாராவது மிதித்து வழுக்கிவிடக் கூடாதே.

என் கணக்கு இதுதான். சக்கரம் மதுரை வரைக்கும் தாங்கும். திரும்பி வரும்போது ஜெபின் தனியாக இருப்பான். ஜெபினுக்கு வைத்தது சார் அது, முத்துவுக்கு அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கிருஷ்ணன்கோவில் தாண்டினதுமே சக்கரம் கழன்றுவிட்டது. வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. யுவராணிக்குக் கை முறிந்தது, அதில் எனக்கு வருத்தம்தான். ஜெபினுக்கு நெற்றியில் ஒரு கீறல். முத்துவுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே சூடு வைத்தாலும் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனடாக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். புதுசாகக் கைக்கு வந்த மிதப்பில் ஜெபின் வேகமாக ஓட்டிவிட்டான் என்று ஊரே பேசியது. பேசிப் பேசி அவனே நம்பிவிட்டான். முத்து முகத்தில் விழிக்க முடியாமல் நாகர்கோவிலுக்கே போய்விட்டான்.

சனிக்கிழமை நான்தான் முத்துவைக் குளிப்பாட்டுகிறேன். முதுகை எப்படித் தாங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதெல்லாம் யுவராணியைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். துவட்டி, பவுடர் போட்டு, ஜன்னல் பக்கம் சாய்த்து உட்கார வைத்தால் பழையபடி பேசிக்கொண்டே இருப்பான். சில நாள் அழுதுவிடுவான். "என்னால உனக்கு எம்புட்டு கஷ்டம்லே" என்பான். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை சார்.

நான் கப்பைத் தட்டியதை யுவராணி உங்களிடம் சொல்லியிருக்கிறாள், அது தெரிகிறது. இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். கிளம்பும்போது எல்லாரும் முத்துவைப் போயிட்டு வா, போயிட்டு வா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வழியனுப்பினார்கள். நான் ஜன்னலில் குனிந்து, "சாயந்தரம் பாப்பம்லே" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "கனடா போறவன்ட்ட சொல்லுத பேச்சப் பாரு" என்று முத்துவும் சிரித்தான், அவன் கண் கலங்கியிருந்தது.

மதுரை வரைக்கும் சக்கரம் தாங்கும் என்று நம்பியவன் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். தினமும் சொல்கிற வார்த்தை, பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. இவ்வளவு நாளும் நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதுங்கள்.

ஆனால் அன்றைக்கு நான் கடை திறக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய், மாற்று வேட்டி ஒன்று, இரண்டு துண்டு, ஆஸ்பத்திரியில் கஞ்சி வாங்க ஒரு பிளாஸ்க், எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் சார் போன் வந்தது.