குளத்துச் செடியை மாட்டுக்குப் போடாதீர்கள்

சுதந்திர விழா ஏற்பாட்டுக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய ஜெயபாலன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் தாய்மார்களே, காஜா பெராங் ஊர் மக்களே! வணக்கம்.

சுதந்திரம் வாசலுக்கு வந்துவிட்டது. அதை வரவேற்க நாளை நம் குளத்தைச் சுத்தம் செய்கிறோம். நல்ல காரியம். ஆனால், வாரியெடுக்கும் ஆகாயத்தாமரையை மாடு வளர்ப்போருக்கு இலவசமாய்க் கொடுக்கப் போகிறார்களாம். அங்கேதான் நான் குறுக்கே நிற்கிறேன்.

ஜப்பான்காரன் போனபின், அவன் விட்டுப்போன லாரிகளின் பேட்டரிகளைக் குளக்கரைக் கொட்டகையில் உடைத்தார்கள். ஈயத்தை உருக்கி, கிளேபாங் மீனவர்களின் வலைக்குக் குண்டு வார்த்தார்கள். இன்றும் வார்க்கிறார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று? குளத்துக்கு! மீன் மிதந்தது. தவளை வாயடங்கியது. ஆகாயத்தாமரை என்ன செய்தது? அடியிலை பழுத்தது, உதிர்ந்தது. வேர் கறுத்தது, பொறுத்தது. பிறகு ஊதாப்பூ பூத்துச் சிரித்தது!

என்ன, மாட்டுக்கார நல்லையா? "செடி செழிப்பாத்தானே இருக்கு" என்கிறாயா? அதுதானப்பா பயமே!

புல் கருகிய ஒரு வறட்சியில், பால்காரர் சுப்பையன் அந்தச் செடியை வேரோடு அள்ளித் தன் பசுவுக்குப் போட்டார். சில நாளில் பசு கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வேலியோரம் நின்ற தாவூத் காக்கா கேட்டார்:

"என்னாப்பா சுப்பையா, ஒம் மாடு ஜோகெட் டான்ஸ் ஆடுது? கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவியா?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். சுப்பையன் மனைவி சாரதாம்பாள் சிரிக்கவில்லை.

"அது ஆடல காக்கா. சொவரு தெரியாம முட்டுது. கண்ணு போயிருச்சு."

பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே செத்தது அந்தப் பசு. மாட்டு டாக்டர் ஈரலையும் செடியையும் சோதனைக்கு அனுப்பினார். இரண்டிலும் ஈயம். இலையில் கொஞ்சம், வேரில் கொள்ளை. நஞ்சை வேரிலே பூட்டிவைத்து வாழ்ந்திருக்கிறது செடி!

செடி பொறுக்கும். மாடு பொறுக்குமா? அதன் மடி பொறுக்குமா? அந்த மடிப்பாலைக் குடிக்கும் மழலை பொறுக்குமா?

குளத்திலேயே விட்டுவைக்கலாமா? அழுகினால் குடித்ததையெல்லாம் குளத்துக்கே கக்கிவிடும். வேரோடு வாரியெடுத்து, ஆள் புழங்காத மேட்டில் ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள். கொட்டகை முதலாளி கலியாணசுந்தரம் அவர்களே! இந்தப் பந்தல் உங்கள் உபயம், கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கழுவுநீர் நிற்காவிட்டால், அடுத்து முளைக்கும் செடியும் அதையேதான் குடிக்கும். நிறுத்துவீர்களா? தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்.

நல்லையா, உன் பசு சினையாய் நிற்கிறது. கொடியேறும் மாதத்தில் பிறக்கும் கன்று, அந்தக் கொடியைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? செடி அள்ள இன்றைக்கே கொண்டுவந்த சாக்கைச் சுருட்டுகிறாயா? சுருட்டப்பா, சுருட்டு.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. அன்று என்னையும் சேர்த்து ஊரே சிரித்தபோது சிரிக்காமல் நின்று, இன்று கடைசி வரிசையில் கண்ணைத் துடைக்கும் சாரதாம்பாளுக்கு, தாமதமாய் ஒரு வணக்கம்.