பத்தாவது ஆள்

— இடுப்பு விட்டுப்போச்சு கண்ணு. நேத்து மட்டும் மூணு மாடிக்குச் செங்கல் ஏத்தியிருக்கறேன். உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன், நின்னே பேசறேன். என்ற தம்பி மூக்கனை விட்டுரு.

— அருக்காணி அக்கா, லிஸ்ட்ல மூக்கன் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லை. நீங்களே பாருங்க. ஆபீஸ்ல டிக் போட்டது சுப்புங்கற பேருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு.

— அவரு செத்து ரெண்டு வருசமாச்சு. சாரம் முறிஞ்சு விழுந்தாரு. ஆஸ்பத்திரியில பொணத்தை வாங்கக் கையெழுத்துப் போட்டதே நீதானே, சிவஞானம்?

— போட்டேன். மறக்கலை.

— பின்னே அவரு எப்படி வந்து நஸ்பந்தி, அந்தக் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன், பண்ணிக்குவாரு? சுடுகாட்டுல போய்க் கூப்பிடப் போறியா?

— மெதுவாக்கா. லிஸ்ட்ல அவர் உயிரோட இருக்கார். வயசு முப்பத்தி நாலு, பிள்ளைங்க மூணு. அதான் டிக் போட்டுட்டான்.

— அப்படி எழுதினது யாரு?

— நான் எழுதினேன். எழுதச் சொன்னது யாரு? சங்கம். நூறு வீடு இருந்தாத்தான் ரெண்டாவது கைப்பம்புன்னான். நம்ம கேம்ப்ல இருந்தது எழுபத்தாறு. எல்லாருமாக் கை தூக்கினீங்க, நான் நூத்தி ரெண்டா எழுதினேன். ஊருக்கே போய்ச் சேர்ந்தவன் ஒரு வீடு, செத்தவன் ஒரு வீடு. தலைவர் அழகர்சாமி அண்ணனோட ஆட்டுக் கொட்டாய்கூட ஒரு வீடு. உங்க ஒரு குடிசையை ரெண்டாக்கினேன். மூக்கன் ஒரு வீடு, சுப்பு ஒரு வீடு. அன்னைக்கு நீங்களே சிரிச்சீங்க, செத்தும் எனக்குத் தண்ணி இறைச்சுக் குடுக்கறாருன்னு.

— சிரிச்சேன். ரெண்டு மணி நேரம் குடத்தோட நிக்கறவ வேற என்ன பண்ணுவா?

— பம்பு வந்துச்சா இல்லையா?

— வந்துச்சு. தண்ணிக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

— அச்சா. அதே லிஸ்ட்டைத்தான் இப்ப மேஜை மேல விரிச்சு வச்சிருக்கான். இந்த நாலா, சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடிசை அத்தனையும் இடிக்கணும்னு மேலே இருந்து உத்தரவு. ஆத்துக்கு அந்தப்பக்கம் வீட்டுக்கு இருபத்தஞ்சு கஜம் நிலம். சீட்டு வேணும்னா பத்து வீட்டுக்கு ஒரு ஆள் ஆபரேஷனுக்கு வரணும். நூத்தி ரெண்டு வீட்டுக்குப் பத்து ஆள். உள்ளபடி எழுதியிருந்தா ஏழோட போயிருக்கும்.

— மூணு ஆளுக்கு ஒரு பம்பு.

— அப்படிப் பேசாதீங்க. எனக்கு அன்னைக்கு ஜோசியமா தெரியும்?

— ஒம்பது பேரு போயாச்சு இல்ல?

— ஒம்பது பேர். நம்ம ஜம்பு ரேடியோ குடுப்பாங்கன்னு போனான். ஒரு டப்பா நெய்யைக் கையில குடுத்து அனுப்பிட்டான்.

— தெரியும், அவன் பொண்டாட்டி சொன்னா. ரேடியோ எங்கடான்னு கேட்டதுக்கு, நெய்யைக் காதுல ஊத்திக்க, பாட்டுக் கேக்கும்னானாம். சிரிச்சுப்போட்டு அப்புறம் அழுதாளாம். போகட்டும், ஜம்புவுக்கு நாலு பிள்ளை. மூக்கனுக்கு? கல்யாணமாகி நாலு மாசம். லீலாவதி கழுத்துல மஞ்சக் கயிறு இன்னும் வெளுக்கலை.

— தெரியுங்கக்கா.

— தெரிஞ்சேதான் கேக்கறியா?

— நான் எங்க கேக்கறேன்? ஆபீஸ் கேக்குது. திங்கட்கிழமை காலையில புல்டோசர் வருது. சீட்டு இருந்தா சாமானை லாரியில ஏத்துவான். இல்லேன்னா சாமான் மேல வண்டியை ஏத்துவான்.

— செத்துட்டாருன்னு உண்மையைப் போய்ச் சொல்லேன்.

— ஒரு பேரு பொய்னு தெரிஞ்சா மத்த நூத்தி ஒண்ணையும் கிளறுவான். இருபத்தாறு வீடு பொய். மொத்த லிஸ்ட்டும் கேன்சல். ஒருத்தருக்கும் ஒரு அடி நிலம் கிடையாது. என்னையும் தலைவரையும் உள்ள வச்சிருவான். எமர்ஜென்சி அக்கா இது. வக்கீலும் இல்லை, வாய்தாவும் இல்லை.

— வேற ஆம்பளை ஒருத்தனும் இல்லையா இந்தக் கேம்ப்ல?

— கேட்டுப் பார்த்தாச்சு. அவனவன் கதவைச் சாத்திக்கறான். விதிப்படி பார்த்தா எந்த வீட்டுப் பேரோ அந்த வீட்டு ஆள். உங்க வீட்டுல வேற யாரு?

— பேரு சுப்பு, போறவன் மூக்கன். புடிச்சுக்க மாட்டாங்களா?

— அங்க மூஞ்சியெல்லாம் பார்க்கறதில்லை. போட்டோவும் கிடையாது. சுப்புன்னு கூப்பிடுவான். எவன் 'ஜீ'ன்னு பதில் சொல்லி எந்திரிக்கறானோ அவன்தான் சுப்பு. கைநாட்டு வச்சா முடிஞ்சுது.

— எவன் எந்திரிச்சாலும்?

— எவனா இருந்தாலும்.

— வயசு கேக்க மாட்டாங்களா? பொண்டாட்டி, பிள்ளை?

— அவனுக்குப் பத்து ரொம்பணும், அவ்வளவுதான். கம்பவுண்டர்கிட்டயும் பேசிட்டேன். ஜல்தியா முடிச்சு விட்டுருவாங்க.

— உனக்கும் ஆவணியில கல்யாணம்னு சொன்னாங்களே, கண்ணு?

— ஆமா, திண்டிவனம் பொண்ணு. பேசி முடிச்சாச்சு. ஏங்க்கா?

— இல்ல, கேட்டேன். நல்ல பொண்ணா?

— நல்ல பொண்ணுதான். அதை அப்புறம் பேசுவோம். பதினோரு மணிக்கு வேன் வந்துரும். மூக்கனைக் கூப்பிடுங்க. பயப்பட வேண்டாம், நானே கூடப் போய்க் கூட்டிட்டு வரேன்.

— அவன் இல்லை.

— வேலைக்கா போயிட்டான்? இன்னைக்குப் போகாதேன்னு சொல்லியிருந்தேனே!

— ஊருக்குப் போயிட்டான். அவனும் லீலாவதியும். நேத்து சாயங்கால வண்டி. இந்நேரம் இட்டார்சி தாண்டியிருக்கும்.

— அக்கா! என்ன காரியம் பண்ணிட்டீங்க! எழுபத்தாறு வீட்டுக் குழந்தைங்களையும் நடுரோட்டுல விட்டுட்டீங்களே! நான் தலைவருக்கு என்ன பதில் சொல்லுவேன்?

— அண்ணனுக்குத் தெரியும். ஸ்டேஷன் வரைக்கும் வந்து, மூட்டையைத் தூக்கி உள்ள வச்சதே அவருதான்.

— தலைவரா?

— நீ நேத்தும் முந்தாநேத்தும் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுட்டிருந்தே. இங்க பம்படியில சங்கக் கூட்டம் போட்டோம்.

— செயலாளர் நான் இல்லாமக் கூட்டமா? விதிப்படி அது செல்லாது.

— பாதிப் பேரு வந்தாப் போதும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீ. எழுபது வீட்டுக்கு மேல வந்தாங்க. ஜம்பு தடி ஊணிக்கிட்டு வந்தான்.

— என்னதான் முடிவு பண்ணினீங்க?

— அதை நான் சொல்லக்கூடாது. வாங்கண்ணா உள்ள. வாசல்ல எத்தனை நேரம் நிப்பீங்க?

— தம்பி, கோவிச்சுக்காத. நான் எழுத்துப் படிக்காதவன்.

— அழகர்சாமி அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. என்ன தீர்மானம்?

— ரெண்டு தீர்மானம்ப்பா. மொத தீர்மானம் உனக்கு நன்றி. பம்பு கொண்டாந்த, ரேஷன் கார்டு கொண்டாந்த, மனு எழுதி எழுதி உன் வெரலே தேஞ்சுபோச்சுன்னு பேசுனோம். எல்லாரும் கை தட்டுனாக.

— ரெண்டாவது?

— அதுக்கு ஒருத்தனும் கை தட்டலை தம்பி. தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தேன் கையைத் தூக்குனாக. நானுந்தேன், கடைசியா.

— அண்ணே, ரெண்டாவது என்ன?

— வேன் ரோட்டுல வந்து நிக்குது, சொக்காயை மாட்டிக்க. சுப்புன்னு கூப்பிடுவாக, நீதேன் எந்திரிக்கணும். சங்கம் குடுக்க வேண்டியதுல இன்னும் ஒரு ஆள் பாக்கி.