ஆறாம் தொட்டியின் வெங்காய வாசனை

— அண்ணே, முதல்ல அந்தத் தொட்டி வால்வுல இருந்து கையை எடுங்க.

— எடுக்க மாட்டேன் தங்கச்சி. நாலாயிரம் லிட்டர் பீர். சாக்கடைக்கு விடறதுக்கா பதினெட்டு நாள் காவல் காத்தேன்?

— எனக்கு மட்டும் ஆசையா? ருசி பார்க்க உட்கார்ந்தவங்க பன்னெண்டு பேர். பதினொரு பேர் தாள்லயும் ஒரே வார்த்தை. வெங்காயம். ரெண்டு பேர் பூண்டையும் சேர்த்திருக்காங்க. ஒருத்தர் மட்டும் "அருமை, எலுமிச்சை வாசம்"னு எழுதியிருக்கார். அந்தப் புண்ணியவான் யாருன்னு நான் சொல்லணுமா?

— என் மூக்குக்கு அப்படித்தான் இருந்துச்சு.

— மேல வாங்க. ருசி அறையில உட்கார்ந்து பேசுவோம். இங்க நின்னா எனக்குக் கண்ணு எரியுது.

— இங்கயே பேசலாமே.

— சொல்றதைக் கேளுங்கண்ணே. போற வர்றவன்லாம் நின்னு வேடிக்கை பார்க்கறான். வாங்க.

— என்னவோ போ. வரேன்.

— உட்காருங்க. கதவைச் சாத்திடறேன். சாத்திட்டா இந்த அறைக்குள்ள வெளி வாசனை ஒரு துளி வராது. கையைப் பார்த்து வைங்க, கிளாஸ் ரெண்டும் கொட்டிடப் போகுது.

— இதெல்லாம் ஏன் இன்னும் எடுக்கல?

— எங்க நேரம்? காலையில இருந்து முதலாளி கூப்பிட்டுக் கூப்பிட்டு உயிரை எடுக்கறார். ஒண்ணு ஆறாம் தொட்டி பீர், ஒண்ணு வாய் கொப்பளிக்கற தண்ணி. ரெண்டும் மூடி போட்டுத்தான் இருக்கு.

— இந்த மாதிரி கறுப்பு கிளாஸ்தான் வாங்கணும்னு அன்னிக்கு ஒத்தைக் கால்ல நின்னவன் நான். நிறத்தைப் பார்த்து ருசியை எழுதறானுங்கன்னு.

— தெரியும். இங்க முக்கால்வாசி சட்டம் நீங்க போட்டதுதான். அதனாலதான் எனக்குப் புரியல. வெங்காயம் எங்க இருந்துண்ணே வந்துச்சு?

— குழாய் சரியா கழுவியிருக்க மாட்டான்.

— கழுவினவன் பேரைச் சொன்னா நீங்களே சிரிப்பீங்க. நீங்கதான் கழுவினீங்க.

— அப்ப ஈஸ்ட் கெட்டிருக்கும்.

— அதே ஈஸ்ட் ரெண்டாம் தொட்டியில இருக்கு. அது கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. ஏன்ணே மென்னு முழுங்கறீங்க? பீருக்கு வாசனை குடுக்கற அந்த ஹாப்ஸ் பூ மூட்டையை நான் திறந்து பார்த்துட்டேன். திறந்த உடனே மூக்குல குத்துச்சு. பூவைச் செடியிலேயே பத்து நாள் கூடுதலா விட்டா, எலுமிச்சை மாம்பழம் எல்லாம் ஓடிப்போய் வெங்காயம் வந்து உட்கார்ந்துக்கும்னு எனக்குச் சொன்னதே நீங்க.

— ஆமா. சொன்னேன்.

— தோட்டத்துக்குப் போய்த் தேர்ந்தெடுத்துட்டு வந்ததும் நீங்க. அஞ்சு பை பூ வச்சாங்க. அஞ்சையும் உள்ளங்கையில கசக்கி மோந்தீங்க. நாலாம் நம்பரைக் காட்டி "இது"ன்னீங்க. தோட்டக்காரரை இப்பத்தான் போன்ல கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா?

— என்ன சொன்னார்?

— "அது கடைசியா பறிச்சதும்மா, வேணாம்னு சொல்லுவார்னுதான் ஓரமா வச்சேன். கையில கசக்கினவர் அப்படியே கால் மணி நேரம் நின்னுட்டார். கண்ணு கலங்கியிருந்துச்சு. பெரியவர் ஏதோ கண்டுபிடிச்சுட்டார்னு நினைச்சு நானும் வாயைத் திறக்கல"ன்னார்.

— நல்ல மனுஷன்.

— அவர் இருக்கட்டும். இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. போன மாசம் நாலு கிளாஸ் பார்த்தோமே, அன்னிக்கு நான் வரிசையை மாத்தி எழுதிட்டேன். ரெண்டாவதுக்கு எழுத வேண்டியதை மூணாவதுல எழுதினேன். அப்புறம் பார்த்தா உங்க தாள்லயும் அதே மாதிரி மாறியிருக்கு. ஏதோ தற்செயல்னு விட்டேன். இன்னிக்குப் பழைய தாள் எல்லாத்தையும் எடுத்து வச்சுப் பார்த்தேன். ரெண்டு வருஷம்ணே. வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதினது. பரீட்சையில பக்கத்துல இருக்கறவன் பேரையும் சேர்த்துக் காப்பி அடிச்ச கதைதான்.

— கதவைத் திற தங்கச்சி. நான் கீழ போறேன்.

— எப்பவும் என் வலது பக்கத்து நாற்காலி வேணும்னு ஏன் அடம் பிடிக்கறீங்கன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. இன்னிக்கு நான் உட்காரல, எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துட்டு இருந்தேன். பார்த்து எழுத ஆளில்ல. அண்ணே, என்னைப் பாருங்க. உங்களுக்கு வாசனை தெரியுதா?

— தெரியல.

— ஐயோ. எப்ப இருந்து?

— உன் அண்ணி போய்ச் சேர்ந்து நாலு மாசத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சே, அப்ப இருந்து. டாக்டர், வந்தா வரும், வரலைன்னா இல்லைன்னுட்டார். பெரிய கண்டுபிடிப்பு. அதுக்கு ஒரு ஊசி வேற.

— ரெண்டு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாமலா? என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னா நீ பாவம் பார்ப்பே. ஊரே என்னை மூக்கண்ணன்னு கூப்பிடுது. கண்ணு தெரியாத டிரைவரை யாராவது வச்சுக்குவாங்களா?

— வீட்டுல எப்படிச் சமாளிக்கறீங்க?

— பால் கெட்டுப் போச்சான்னு மோந்து சொல்ல ஆளில்ல. தேதி பார்த்துக் குடிக்கறேன். சட்டை நாறுதோ என்னவோன்னு பயந்து தினமும் துவைக்கறேன். பஸ்ல பக்கத்துல யாராவது எழுந்து போனா, நம்மாலதானோன்னு நினைச்சுக்குவேன். அடுப்பை அணைச்சோமான்னு வாசல்ல இருந்து மூணு தடவை திரும்பிப் போவேன். அவ பீரோவைத் திறந்து துணிக்குள்ள மூஞ்சியைப் புதைச்சேன் தங்கச்சி. அட்டைப்பெட்டியை மோந்த மாதிரி இருந்துச்சு. அன்னிக்குத்தான் அவ நிஜமாவே போயிட்டான்னு தோணுச்சு.

— அழாதீங்கண்ணே. இந்தாங்க, துடைச்சுக்கோங்க.

— அழல. என்னவோ போ.

— அப்ப அந்த நாலாம் பை?

— மூணு பையைக் கசக்கினேன். ஒண்ணும் இல்ல. வழக்கம் போல நல்லா தலையை ஆட்டினேன். நாலாவதைக் கசக்கி மூக்குகிட்ட கொண்டு போனேன். சுருக்னு ஏறுச்சு. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா ஒண்ணு உள்ள வந்துச்சு. அவ கை.

— அண்ணி கையா?

— அவ எங்க வேலை பார்த்தா, மறந்துட்டியா? ஆஸ்பத்திரி கேன்டீன்ல. காலையில இருந்து வெங்காயமும் பூண்டும் உரிக்கறதுதான் வேலை. ஒரு நாளைக்கு ரெண்டு மூட்டை. விரல் இடுக்கெல்லாம் ஊறிப் போயிருக்கும். நான் யாரு? பெரிய மூக்கு. "என் பொழப்பே மூக்குலதான் இருக்கு, அந்தக் கையோட கிட்ட வராதே"ம்பேன். எலுமிச்சை போட்டுத் தேய்ப்பா, ஸ்பூனை வச்சுத் தேய்ப்பா, சோப்பு போட்டுத் தோல் உரியத் தேய்ப்பா. போகாது. கடைசியில கையுறை வாங்கிட்டு வந்தா. ராத்திரி அதைப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பா.

— கையுறை போட்டுக்கிட்டா?

— இருபத்திரண்டு வருஷம். அந்தக் கையை ஒரு நாள் என் மூஞ்சியில வைக்க விட்டது இல்ல. ஆஸ்பத்திரியில கடைசி நாள் கூட, நான் குனிஞ்சப்ப கையைப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டா. பழக்கம்.

— ஐயோ அண்ணே.

— இப்ப சொல்லு. எப்படி அந்தப் பையை வேணாம்னு சொல்வேன்?

— இல்லண்ணே, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. அது வாசனையா இருக்காது. வெங்காயக் காட்டம் மூக்கு போனவங்களுக்கும் எரியும். அது வேற நரம்பு.

— எரிச்சல்தான் முதல்ல. அதுக்குப் பின்னாடியே அவளும் வந்தா. வீட்டுல கிலோக் கணக்கா வெங்காயம் வாங்கி நறுக்கிப் பார்த்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, அவ வரல. போன வாரம் இந்த பீரையே ஒரு பாட்டில் திருட்டுத்தனமா வீட்டுக்குக் கொண்டு போனேன். அப்பவும் வரல. ஆறாம் தொட்டிகிட்ட நின்னாதான் வர்றா. தினமும் நீங்கல்லாம் வர்றதுக்கு முந்தி வந்து, கொஞ்ச நேரம் பேசிட்டுப் போறேன்.

— தொட்டிகிட்டயா?

— சிரிக்காதே.

— சிரிக்கலண்ணே. யாருக்குச் சிரிப்பு வரும்?

— அதைத் திறந்து விட்டுட்டா எனக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல தங்கச்சி. ஒரு வாரம் தள்ளிப் போடு. மறு பரிசோதனைன்னு எழுது. உன் கையெழுத்துக்கு மறுபேச்சு கிடையாது.

— இருங்க, முதலாளிதான் கூப்பிடறார். சொல்லுங்க சார்... ஆமா சார், பேசிட்டுத்தான் இருக்கேன்... இல்ல சார், இன்னும் திறக்கல... கடைக்காரங்களுக்கு அடுத்த மாசம் குடுக்கணும், புரியுது சார். அதே தொட்டியிலதான் புதுசு போட்டாகணும்... அஞ்சு நிமிஷம் சார்.

— என்னவாம்?

— இன்னிக்கே கொட்டலைன்னா அடுத்த ஆர்டர் போயிடுமாம். இந்த வேலையை நம்பிக் கீழ பன்னெண்டு குடும்பம் இருக்குண்ணே. என் கையால பொய் எழுதச் சொல்லாதீங்க. ஆனா ஒண்ணு. தப்பான பையை எடுத்தது நீங்கன்னு எழுத மாட்டேன். தோட்டத்துல கடைசிப் பறிப்புன்னு மட்டும் எழுதறேன். அது உண்மைதானே?

— மூக்கு விஷயம்?

— அதை நீங்களே சொல்லுங்க. நான் கூட நிக்கறேன். மோந்து பார்க்காத வேலை இங்க நூறு இருக்கு.

— சரி. எழுது. என் தாளையும் கிழிச்சுப் போட்டுட்டுப் பன்னெண்டாவது வெங்காயம்னு போடு. இவ்வளவு நாளும் உன்னைப் பார்த்து எழுதினேன், இதையும் அப்படியே வச்சுக்கோ.

— மனசைத் தேத்திக்கோங்கண்ணே.

— திறக்கச் சொல்லிடு. நான் போய் நின்னா விட மாட்டேன்.

— ஹலோ, கீழயா? ஆறாம் தொட்டியைத் திறந்துடு... ஆமா, அண்ணன்தான் சொல்றார்... முழுசா.

— தங்கச்சி, அந்தக் கடைசி கிளாஸ் பீரை நான் எடுத்துக்கட்டுமா?

— கேக்கணுமா? எடுத்துக்கோங்க. நான் இந்தப் பக்கம் திரும்பி அறிக்கையை எழுதிடறேன். குடிச்சுத் தொலைக்காதீங்க, வயிறு கெடும்.

— குடிக்கல. மூக்கு மட்டும்.

— நல்லா மோந்து பாருங்க. அவசரமே இல்ல.

— வருது தங்கச்சி.

— வரட்டும்ணே.

— தொட்டிகிட்ட வந்ததை விட நல்லாவே வருது. இந்தா, கன்னத்துகிட்ட. பூண்டு, வெங்காயம், அவ தேய்ச்ச எலுமிச்சை கூட. கையுறையைக் கழட்டிட்டா. கையை இழுத்துக்காதடி, இப்படியே வச்சுக்கோ. கழுவவே வேணாம்.

— அண்ணே... ஒரு நிமிஷம். பீர் கிளாஸ் மூடியோட இந்தா என் முன்னாடி இருக்கு. உங்க கையில இருக்கறது வாய் கொப்பளிக்க வச்ச தண்ணி.