பவளம் தோற்கும் என்று சொன்னவன்

டீயில் சீனி கொஞ்சம் தூக்கல், ஐயா. குறை சொல்லவில்லை. உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவனுக்கு எந்த டீயைக் கொடுத்தாலும் இந்தப் பேச்சுதான் வரும். பெயர் சிவனாண்டி, வயது ஐம்பத்திரண்டு. யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

குதிரைவண்டிப் பந்தயத்தில் பணம் கட்டுவது தப்பு என்று தெரியும். அந்தத் தப்பைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லாதவன் நான். செல்போனில் வீடியோ போட்டுப் படித்தேன். குதிரையின் பழைய ஓட்டத்தைப் பார், இழுக்கிற பாரத்தைப் பார், தரையைப் பார், ஓட்டுகிறவன் கையைப் பார் என்றார்கள். எல்லாம் பார்த்தேன். சாணியைக்கூடக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். மூன்று வருஷம், நாற்பத்தொரு பந்தயம். நான் சொன்ன குதிரை ஜெயித்தது ஒரே தடவை. அதுவும், முன்னால் போன குதிரை மோர்ப்பந்தலைக் கண்டு நின்றுவிட்டதால்.

அப்புறம் ஊரே என்னை வைத்துப் பிழைக்க ஆரம்பித்தது. ஜெயசிங் டீக்கடையில் நான் வாயைத் திறந்தால் போதும். "ஏலே, அண்ணாச்சி எதைச் சொல்லுதாவளோ அத விட்டுட்டு மத்ததுல கட்டு" என்பான் ஜெயசிங். என் புண்ணியத்தில் பத்துப் பேர் வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

சுடலைக்கண்ணன் என் தங்கை உமாராணியின் வீட்டுக்காரன். நல்ல மனுஷன். பவளம் அவனுடைய குதிரை, பந்தயத்தில் ஓட்டுகிறவனும் அவன்தான். போன மாதம் வேம்பார் ரோட்டில் பந்தயம். அதற்கு முந்தின வாரம் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்: திரும்புகிற இடத்தில் பவளம் வெட்டி இழுக்கும், எல்லைக்கொடியைச் சுற்றும்போது வண்டி சாயும், ஜெயிக்காது.

"கேட்டியாளா, மச்சான் வாயால சொல்லிட்டாவ. முதல் பரிசு நமக்குத்தான்" என்றான் அவன்.

உமாராணி சிரித்தாள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, கையில் குழம்புக் கரண்டியோடு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டேன். ஜெயசிங் கடையிலும் அதையே சொன்னேன். எல்லோரும் பவளத்தின்மேல் கட்டினார்கள். இந்த ஒரு தடவையாவது நான் சொன்னது நடக்க வேண்டும் என்று நினைத்தேன். பெரிய ஆசை ஒன்றும் இல்லை பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் பந்தய வண்டி புறப்படும் முன் அச்சுக்கு மசகு வைப்பது மூத்தவர் கை. சுடலைக்கண்ணனே டப்பாவைக் கொண்டுவந்து, "ஒங்க கையால வைங்க மச்சான்" என்றான். சக்கரம் கழன்றுவிடாமல் அச்சில் ஓர் இரும்பு ஆணி செருகியிருப்பார்கள். அதை உருவினேன். அதே அளவில் சீவிக் கொண்டுபோயிருந்த பனைமட்டைத் துண்டைச் செருகி, மேலே மசகைப் பூசினேன். நேர் ரோட்டில் தாங்கும், திருப்பத்தில் தாங்காது. நான் போட்ட கணக்கிலேயே உருப்படியானது அதுதான்.

கொடிவரை பவளம்தான் முன்னால் வந்தது. சுற்றும்போது சக்கரம் தனியாக ஓடியது. அவன் மைல்கல்லில் போய் மோதினான், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. குதிரைக்கு ஒரு கீறல் இல்லை. எல்லோரும் அவனைத் தூக்க ஓடினார்கள். நான் ஜெயசிங் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நான் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று.

இருந்தது. நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். ஊர் வேறு மாதிரி எழுதிவிட்டது. இப்போது நான் தெருவில் வந்தால் ஜெயசிங் தன் பேத்தியின் முகத்தை மூடுகிறான். பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் உமாராணி சொன்னாள்: "எங்கண்ணன் கருநாக்குதான் எம்புருசன முழுங்கிட்டு." தாலி அறுத்து நிற்கிறவளைப் பார்த்தால் வயிறு எரிகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வருஷம் கண் முழித்துப் படித்தவனைப் பார்த்து நாக்கு என்று சொன்னால் எப்படி ஐயா பொறுப்பது?

அதனால்தான் வந்தேன். ஆணியை உருவியது நான். மட்டையைச் செருகியது நான். ஆள் சாகலாம் என்று தெரிந்துதான் செய்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: சிவனாண்டிக்குக் கருநாக்கெல்லாம் கிடையாது, அவன் குதிரையைப் பார்த்துத்தான் சொன்னான் என்று.