கலங்கரைக்கு மூன்றாவது ஓட்டு

நாங்கள் கூடும் கடையில் காலையில் காப்பி வாங்கினால் தடித்த ரொட்டியும் அவித்த முட்டையும் சும்மாவே தருவார்கள். நகோயாவில் இது பெரிய அதிசயம் இல்லை. நாங்கள் அந்தக் கடையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. எவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டாலும் கடைக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சண்டை வீடியோ கேம் பற்றியது, ஐயா. நாங்கள் ஐந்து பேர். ஒவ்வொரு டிசம்பரிலும், அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு எது என்று வாதாடி ஓட்டுப் போடுவோம். ஜெயித்த விளையாட்டைக் கொண்டுவந்தவர்தான் எங்கள் சிறு புத்தகத்தின் முதல் கட்டுரையை எழுதுவார். முந்நூறு பிரதி அச்சடிப்போம்.

விதிகள் இரண்டு. முடிவில் விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் ஓடி முடியும் வரை ஆடியவருக்குத்தான் ஓட்டு. ஒருவர் முடிவைப் பார்க்கும்போது, ஏற்கெனவே முடித்தவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து மனசு மாறிவிடும் என்று நருசே கொண்டுவந்த விதி அது. பத்து ஆண்டுகளில் யாரும் மீறியதில்லை. நானும் மீறவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். இயந்திர இரைச்சலில் அங்கே யாரும் பேசுவதில்லை. வீட்டிலும் பேச ஆளில்லை. ஆண்டு முழுவதும் என் பேச்சை நாலு பேர் காதுகொடுத்துக் கேட்பது அந்த ஒரு காலையில்தான். ஆனால் பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட என் விளையாட்டு ஜெயித்ததில்லை.

இந்த நவம்பரில் நருசே சொன்னாள்: "ஜனவரியில நான் சப்போரோவுக்கு மாறிப் போறேன். இதுதான் கடைசி ஓட்டு. ஹிரா, இந்தத் தடவையாவது சிரிக்கிற மாதிரி ஒண்ணு கொண்டு வாயேன். நீ கொண்டு வர்றதெல்லாம் மழை, படகு, அழுகை."

"இவன் கேம் ஆட உட்காரும்போதே துண்டு எடுத்து வச்சுக்கணும்" என்றான் மினெகிஷி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கொண்டுவந்தது 'கடைசிக் கலங்கரை'. நருசே கொண்டுவந்தது 'இரும்பு நரி'. ஆளுக்கு இரண்டு ஓட்டு என்று நின்றது. மிச்சம் மினெகிஷி.

அவனுக்கு வலிப்பு நோய் உண்டு. வேகமாக மின்னும் வெளிச்சம் ஆகாது. அதனால் எந்த விளையாட்டிலும் முதல் வேலையாக, மின்னல்களை மங்கலாக்கும் அமைப்பைப் போட்டுவிடுவான். அவன் ஆடும்போது அவனுடைய அக்கா சுமியே பின்னல் வேலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஒரு வியாழக்கிழமை அவன் தொலைபேசியில் அழைத்தான். "டேய் ஹிரா, பாறைக் கட்டத்துல மாட்டிக்கிட்டேன்டா. முடிவும் ஒண்ணும் பெரிசா இல்லையாமே? வானம் சாம்பலா மாறுதாம், விளக்கு மெதுவா எரியுதாம், அவ்வளவுதானாம். நான் நரிக்கே போட்டுடறேனே, கோவிச்சுக்காதே."

சாம்பல் வானம் என்பது அந்த அமைப்பு மங்கலாக்கிக் காட்டும் முடிவு, ஐயா. உண்மையான முடிவு அப்படி இல்லை. புயல் நடுவில் விளக்கு உயிர்பெற்று, கடலும் வானமும் மாறி மாறி வெள்ளையாகும். நான் அதை இருபது முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்காமல் ஒருவன் தீர்ப்புச் சொல்வது நியாயமா? முதல் கட்டுரையை நான் அக்டோபரிலேயே எழுதி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். பாறைக் கட்டத்தை எப்படித் தாண்டுவது என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் தாண்டிவிட்டான். கடைசிக் காட்சிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தேநீர் போட எழுந்தான்.

சுமியே அக்கா மீன் வாங்கப் போக வேண்டும் என்றார். "நான் இருக்கேன் அக்கா, நிதானமா போயிட்டு வாங்க" என்றேன்.

"நீ இருக்கேன்னா எனக்குக் கவலை இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் மின்னலை மங்கலாக்கும் அந்த அமைப்பை எடுத்துவிட்டேன். மூன்று முறை பொத்தானை அழுத்தினால் போதும்.

மினெகிஷி கோப்பையோடு வந்து உட்கார்ந்தான். "வெளியே போடா, விதி விதிதான். அழுதேன்னா கூப்பிடறேன், துண்டு எடுத்துக்கிட்டு வா" என்றான்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். புயல் தொடங்கும் சத்தம் கேட்டது. பிறகு கோப்பை உடைந்தது. பிறகு தரையில் எதுவோ விடாமல் மோதுவது போலக் கேட்டது. கடைசிக் காட்சியில் ஆடுபவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை, தானாகவே ஓடும். அதன் பின் ஒரு பாட்டோடு பெயர்ப் பட்டியல் பதினோரு நிமிடம்.

உள்ளே போயிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். போயிருந்தால் அவன் ஓட்டு செல்லாது. பாட்டு பாதி ஓடும்போதே மோதல் நின்றுவிட்டது. மீதியை நான் அமைதியாகக் கேட்டேன்.

பாட்டு முடிந்ததும் உள்ளே போனேன். முதலில் திரையைப் பார்த்தேன். 'முடிந்தது' என்று பதிவாகியிருந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அவன் இறந்து எட்டு நாள் கழித்து, கடையில் அவன் நாற்காலியைக் காலியாக விட்டுக் கூடினோம். இந்த வருடம் ஓட்டே வேண்டாம் என்றாள் நருசே. "அவன் முடிச்சுட்டான், பதிவு இருக்கு. கலங்கரைக்குத்தான்னு என்கிட்ட சொன்னான்" என்றேன். அவள் அழுதுகொண்டே மூன்றுக்கு இரண்டு என்று எழுதினாள். அன்று என் கட்டுரையை முழுவதும் வாசித்துக் காட்டினேன். யாரும் குறுக்கே பேசவில்லை.

சுமியே அக்கா அந்த விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் உங்களிடம் சொன்னது அத்தனையும் சரி. மின்னலைத் திருப்பிப் போட்டது நான். அவரை அனுப்பியது நான். படியில் உட்கார்ந்து காத்திருந்ததும் நான்தான்.

ஒரு வேண்டுகோள். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. அதை நிறுத்த வேண்டாம் என்று நருசேயிடம் சொல்லுங்கள். மினெகிஷி என்னிடம் சொன்னதாக நான் சொன்னது மட்டும் பொய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓட்டு பொய் இல்லை, ஐயா. பிடிக்காத விளையாட்டைப் பாதியில் அணைத்துவிடுவது அவன் வழக்கம். இதை அவன் கடைசி வரை அணைக்கவில்லை.